மருந்துப் பெட்டி ஏழாவதாக: மேற்குக் கென்யக் கிராமத்தில் ஊர் நலக் குழு அமைக்க முழு வழிகாட்டி

மேற்குக் கென்யாவின் சியாயா, புசியா, ககமேகா பக்கத்துக் கிராமங்களில் ஊர்மக்களே நடத்தும் நலக் குழுவைத் தொடங்கவோ, பேருக்கு மட்டும் இருக்கும் குழுவை மறுபடி எழுப்பவோ போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்டு நிறுவன வேலைக்கு வந்தவர், தன்னார்வலராக வரும் மருத்துவ மாணவர், நைரோபியில் தொழில் செய்துகொண்டு கிராமத்துக்கு ஏதாவது செய்ய நினைப்பவர் என்று யார் வந்தாலும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: வேலைகளின் வரிசை. முதல் வாரமே மருந்துப் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். கூட்டம் சேரும், போட்டோ எடுப்பார்கள், மருந்து தீரும், அதோடு சரி.

இந்த வரிசையில் மருந்து ஏழாவதாகத்தான் வருகிறது. எவ்வளவு அவசரமாகத் தோன்றினாலும் முன்னுக்கு இழுக்க வேண்டாம்.

போகும் முன் தேவைப்படுபவை

கவுண்டி (தனி அரசு உள்ள மாவட்டம் போன்ற பிரிவு) சுகாதார அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் முதல் தேவை. 2013-லிருந்து கென்யாவில் மருத்துவ சேவை பெரும்பாலும் கவுண்டி அரசுகளின் பொறுப்பு. நைரோபியில் வாங்கிய கடிதத்தை மட்டும் காட்டினால், மரியாதையாக உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது மொழி. சுவாஹிலி தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதை ஒரு பாட்டி சொல்வது லுவோவிலோ லூயா மொழிகளில் ஒன்றிலோதான். அந்த ஊர்க்காரர் ஒருவர் எல்லா நாளும் கூட இருக்க வேண்டும்.

மூன்றாவது நாள்காட்டி. நீண்ட மழை மார்ச் முதல் மே வரை. மார்ச்சில் விதைப்பு நடக்கும்போது கூட்டத்துக்கு ஆள் வராது, செம்மண் பாதையில் வண்டியும் போகாது. மழைக்குப் பின் மலேரியா ஏறும். ஜனவரியில் தொடங்கினால் பள்ளி ஆண்டும் அப்போதுதான் தொடங்கும், மலேரியா ஏறுவதற்குள் ஆட்களும் தயாராக இருப்பார்கள்.

1. டிஸ்பென்சரியில் தொடங்குங்கள்

ஊருக்குள் நுழைவதற்கு முன் பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போய் பொறுப்பு நர்ஸைப் பாருங்கள். கென்ய அமைப்பில் ஊர் முதல் நிலை, டிஸ்பென்சரி இரண்டாம் நிலை, சுகாதார மையம் மூன்றாம் நிலை. ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு சமூக நல அலகு. அது ஒரு டிஸ்பென்சரியோடோ சுகாதார மையத்தோடோ இணைந்திருக்கும். ஊர் நலப் பணியாளர்களை அங்கே சிஎச்பி என்பார்கள். ஒருவருக்கு நூறு வீடு என்பது கணக்கு. இவர்களை மேற்பார்வை செய்யும் அரசு ஊழியருக்கு சிஎச்ஏ என்று பெயர்.

நர்ஸிடம் மூன்று கேள்விகள் போதும். இங்கே ஏற்கெனவே அலகு இருக்கிறதா? எந்த மருந்து அடிக்கடி தீர்ந்துபோகிறது? ஊரிலிருந்து அனுப்பும் குழந்தையை வரிசையில் நிற்க வைக்காமல் பார்க்க முடியுமா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'இருக்கிறது' என்றே பதில் வரும். 2023 செப்டம்பரில் நாடு முழுக்க சுமார் ஒரு லட்சம் சிஎச்பிகளைக் களமிறக்கி, உபகரணப் பையும் போனும் கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. ஆகவே காலி மனையில் வீடு கட்டப் போவதாக நினைக்காதீர்கள். பெயர்ப் பட்டியலை வாங்கி, யார் இன்னும் நடமாடுகிறார்கள், யார் நைரோபிக்குப் போய்விட்டார்கள், யார் நோட்டில் மட்டும் இருக்கிறார்கள் என்று பாருங்கள். புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, இருக்கும் குழுவுக்குப் பக்கத்தில் தங்கள் டி-சர்ட் போட்ட இன்னொரு குழுவை நிறுத்துவது. திட்டம் முடிந்ததும் இரண்டு குழுவுமே படுத்துவிடும்.

2. பணப் பேச்சை ஆள் தேர்வுக்கு முன்பே முடியுங்கள்

சிஎச்பிக்கு மாதம் 5,000 ஷில்லிங் ஊக்கத்தொகை என்பது ஏற்பாடு. பாதி மத்திய அரசு, பாதி கவுண்டி. இரண்டு பாதியும் ஒரே நாளில் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இதை ஊரில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் ஆள் கேட்க வேண்டும். சம்பள வேலை என்று நம்பி வருபவர் நான்காவது மாதம் வரமாட்டார். அதற்குள் அவருக்குக் கொடுத்த பயிற்சியும் வீண்.

வெளியிலிருந்து வரும் அமைப்பு ஆர்வத்தில் கூடுதல் படி கொடுக்கும். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. படி நிற்கும் நாளில் வேலையும் நின்றுவிடும். பக்கத்து அலகில் படி வாங்காதவர்களுக்கும் மனக்கசப்பு வரும். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சைக்கிள், மழைக்கோட்டு, டார்ச், போன் டாப்-அப் என்று வேலைக்கு உதவும் பொருளாகக் கொடுங்கள். அல்லது சிஎச்பிகள் தங்களுக்குள் சீட்டு மாதிரி நடத்தும் சாமா சேமிப்புக் குழுவுக்கு ஒரே ஒரு முறை முதல் போடுங்கள், அதன் கணக்கில் கை வைக்காதீர்கள்.

3. பராசாவில் ஊர் ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும்

பராசா என்பது சீஃபோ உதவி சீஃபோ கூட்டும் ஊர்க் கூட்டம். சீஃப் என்றதும் பரம்பரைத் தலைவர் என்று நினைத்துவிடுகிறார்கள். கென்யாவில் அவர் அரசு நியமித்த அதிகாரி. அவர் இல்லாமல் கூட்டம் கூடாது. ஆனால் தேர்வை அவர் கையில் விட்டால் அவர் மைத்துனர் மகன்தான் வருவார். ஆகவே கூட்டத்துக்கு முன்பே அவரோடு உட்கார்ந்து தகுதிகளை மட்டும் முடிவு செய்யுங்கள்: அந்த ஊரிலேயே குடியிருப்பவர், படிக்க எழுதத் தெரிந்தவர், எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடிந்தவர். பெயரை ஊர் சொல்லட்டும்.

கூட்டச் செய்தியைச் சர்ச்சுகளிலும் சந்தை நாளிலும் சொல்லச் சொல்லுங்கள். சீஃப் அலுவலகச் சுவரில் ஒட்டிய காகிதத்தை ஆண்கள்தான் பார்ப்பார்கள்.

ஒரு நடைமுறைத் தந்திரம். மரத்தடியில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது பெயர் கேட்டால் முன்வரிசைப் பெரியவர்கள் மட்டும் பேசுவார்கள். பத்து நிமிடம் பிரித்துவிடுங்கள்: குழந்தை உள்ள பெண்கள் ஒரு பக்கம், இளைஞர்கள் ஒரு பக்கம், முதியவர்கள் ஒரு பக்கம். ஒவ்வொரு கூட்டமும் இரண்டு பெயர் சொல்லட்டும். மூன்று பக்கத்திலும் வரும் பெயர்தான் உங்களுக்கு வேண்டியது. அது பெரும்பாலும் நாற்பது வயதுப் பெண் ஒருத்தியாக, சர்ச் குழுவிலோ சேமிப்புக் குழுவிலோ கணக்கு எழுதுபவளாக இருப்பாள். நன்றாக ஆங்கிலம் பேசும் இருபத்திரண்டு வயது இளைஞன் வெளியாட்களுக்குப் பிடித்தமானவன். அவன் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விடுவான், போகவும் வேண்டும்.

கை தூக்கியோ, ஆளுக்குப் பின்னால் வரிசையாக நின்றோ வாக்களிக்கச் சொல்ல வேண்டாம். 1988 தேர்தலில் நடந்த 'ம்லோலோங்கோ' வரிசை வாக்கெடுப்பின் கசப்பு அந்த நாட்டில் இன்னும் போகவில்லை. போட்டி வந்தால் காகிதத் துண்டு போதும்.

ஊரில் பிரசவம் பார்க்கும் மூதாட்டிகளை இந்தக் கூட்டத்துக்குத் தனியாக அழையுங்கள். அவர்களை ஒதுக்கினால் கர்ப்பிணிகள் பற்றிய செய்தி உங்களுக்கு வந்தே சேராது. பிரசவத்துக்குத் துணையாக டிஸ்பென்சரி வரை கூட வருபவர்கள் என்ற இடத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

4. வீடுகளை எண்ணுங்கள்

தேர்வானவர்கள் முதலில் செய்வது வீட்டுக் கணக்கு. சுகாதார அமைச்சகத்தின் எம்ஓஎச் 513 என்ற வீட்டுப் பதிவேடு இதற்குத்தான். இப்போது பல இடங்களில் போன் செயலியில் பதிகிறார்கள், கேள்விகள் அதேதான்: யார் யார் இருக்கிறார்கள், ஐந்து வயதுக்குள் எத்தனை பேர், யார் கர்ப்பம், கழிப்பறை உண்டா, கொசுவலை உண்டா, தண்ணீர் எங்கிருந்து.

மருந்துக்கு முன் இதைச் செய்யக் காரணம் உண்டு. வெறும் கையோடு நூறு வீட்டு வாசலில் நின்று பேசப் பழகியவர்தான் பிறகு மருந்தோடும் ஒழுங்காக வேலை செய்வார். தவிர, எத்தனை குழந்தைகள் என்று தெரியாமல் எத்தனை மாத்திரை கேட்பது?

வீட்டாரின் சம்மதம் கேட்டுத்தான் எழுத வேண்டும். கென்யாவில் 2019-லிருந்து தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எச்ஐவி நிலையைப் பதிவேட்டில் எழுதி, அதை வரவேற்பறை மேஜையில் திறந்து வைத்துவிட்டு டீ போடப் போகும் பணியாளரைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை செய்தி கசிந்தால் போதும், அந்தத் தெருவில் கதவு திறக்காது.

5. நோயாளி போகும் பாதையைப் போட்டு வையுங்கள்

இரவு பத்து மணி, குழந்தைக்கு வலிப்பு, டிஸ்பென்சரி மூடியிருக்கிறது. யாரை அழைப்பது, எந்த மருத்துவமனை, வண்டிக்கு யார் பணம்? இந்தக் கேள்விகளுக்கு எழுதி வைத்த பதில் இருக்க வேண்டும்.

வண்டி என்றால் போடா-போடா மோட்டார் சைக்கிள்தான். அந்த ஊர் நிறுத்தத்தில் இரவில் எடுக்கக்கூடிய மூன்று பேரின் எண்ணை வாங்கி, பகல், இரவு கட்டணத்தை முன்பே பேசி முடியுங்கள். பேசாமல் விட்டால் நள்ளிரவில் விலை மூன்று மடங்காகும். அவசர நிதியை ஊர் நலக் குழுவின் பொருளாளர் எம்-பெசாவில் (போன் வழிப் பணக் கணக்கு) வைத்திருந்து நேரே ஓட்டுநருக்கு அனுப்பட்டும்.

அனுப்பும்போது எம்ஓஎச் 100 பரிந்துரைச் சீட்டு கையில் போக வேண்டும். அதன் கீழ்ப்பாதி திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதை யாரும் கவனிப்பதில்லை. வராவிட்டால் குழந்தை அங்கே போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. வாரம் ஒரு முறை சிஎச்ஏ டிஸ்பென்சரியிலிருந்து எடுத்து வந்து கொடுக்கும்படி பேசி வையுங்கள்.

6. பயிற்சி: நோயுற்ற குழந்தையைப் பார்ப்பது

பயிற்சியில் சொற்பொழிவைக் குறைத்து, கையால் செய்வதைக் கூட்டுங்கள். டிஸ்பென்சரியில் ஐந்து வயதுக்குட்பட்டோர் கிளினிக் நடக்கும் நாளில் உண்மையான குழந்தைகளோடு பழக வேண்டும்.

முதலில் ஆபத்து அறிகுறிகள்: பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியாமை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம், மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போவது, இரு பாதமும் வீங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு எண்ணிக்கொண்டு உட்காராமல் அனுப்ப வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு என்ன நோயானாலும் அனுப்புவதுதான்.

அடுத்து மூச்சு எண்ணுவது. புதியவர்கள் அதிகம் பிழை விடுவது இங்கேதான். குழந்தை அமைதியாக இருக்க வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பு. அம்மா மடியில் வைத்துச் சட்டையைத் தூக்கச் சொல்லி, வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று என்று முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். ஏறுவதை ஒன்று, இறங்குவதை இரண்டு என்று எண்ணுபவர் உண்டு. முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குபவர் அதைவிட அதிகம். குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது என்பதால் பெருக்கல் இங்கே உதவாது. 2 முதல் 11 மாதம் வரை நிமிடத்துக்கு 50-ம் அதற்கு மேலும், 12 மாதம் முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் போனால் வேகமான மூச்சு. இருமலோடு இது இருந்தால் நிமோனியா என்று கொள்ள வேண்டும். மலாவியில் இதற்கு அமாக்சிசிலினை ஊர் மட்டத்திலேயே கொடுக்கிறார்கள். கென்யாவில் உங்கள் கவுண்டி அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதி இல்லையென்றால் டிஸ்பென்சரிதான்.

காய்ச்சல் என்றால் விரைவு மலேரியா சோதனை. உறையைச் சோதிக்கும் நொடியில்தான் பிரிக்க வேண்டும், முன்கூட்டியே பிரித்தால் ஈரம் பிடித்துவிடும். ஸ்பிரிட் காய்ந்த பிறகே விரலைக் குத்த வேண்டும். ரத்தம் சின்னக் குழியில், கரைசல் பெரிய குழியில். கரைசல் எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் கழித்துப் படிப்பது என்பதெல்லாம் கிட் மாறினால் மாறும், ஆகவே புதுப் பெட்டி வந்த அன்று அதன் தாளைப் படித்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு கிட்டின் கரைசலை இன்னொன்றுக்கு ஊற்றவே கூடாது. நேரத்துக்கு முன்பே கோட்டைப் பார்த்து 'இல்லை' என்று சொல்லிவிடுவது வழக்கமான பிழை. இன்னொன்று: மூன்று வாரத்துக்கு முன் மலேரியாவுக்கு மருந்து சாப்பிட்ட குழந்தைக்கு, ஒட்டுண்ணி போன பிறகும் சோதனை 'உண்டு' என்று காட்டலாம். முந்தைய மருந்தைப் பற்றிக் கேட்காமல் சோதிக்க வேண்டாம்.

மலேரியா உறுதியானால் ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின். 5 கிலோவிலிருந்து 15 கிலோவுக்குக் கீழ் வரை வேளைக்கு ஒரு மாத்திரை, காலை மாலை, மூன்று நாள். இரண்டாம் வேளை மட்டும் முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து. பாலோடோ உணவோடோ கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். முதல் மாத்திரையைப் பணியாளர் கண்முன் கொடுக்க வேண்டும். அரை மணிக்குள் வாந்தியெடுத்தால் மறுபடி. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை அடுத்த பிள்ளைக்கு என்று எடுத்து வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. மூன்றாம் நாள் போய்க் காலி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

சோதனை 'இல்லை' என்று சொன்னால் மலேரியா மருந்து கிடையாது. சொல்வது சுலபம். பாட்டி முறைக்கும்போது கொடுக்காமல் எழுந்து வருவது கடினம். இதை நடித்துப் பழக வையுங்கள், ஒருவர் பாட்டியாக இருந்து சண்டை போடட்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், ஜிங்க். பாக்கெட் 500 மில்லிக்கா ஒரு லிட்டருக்கா என்று படித்துப் பார்க்க வேண்டும். பாதி சோடா பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு கூடிப்போய்க் கேடு. ஜிங்க் மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. போக்கு இடையில் நின்றுவிட்டாலும் மொத்தம் குறைந்தது பத்து நாள் கொடுக்க வேண்டும்.

கடைசியாக மேல்கைச் சுற்றளவு நாடா, 6 மாதம் முதல் 59 மாதம் வரை. இடது கை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கை தளர்ந்து தொங்க வேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, உடனே அனுப்ப வேண்டும். 125-க்குக் கீழே மஞ்சள். நாடாவை இறுக்கினால் நல்ல குழந்தையும் மஞ்சளாகிவிடும். இதை அம்மாக்களுக்கே சொல்லிக் கொடுக்கலாம், நைஜர் நாட்டில் அப்படித்தான் செய்கிறார்கள்.

7. இப்போது பெட்டி

பூட்டுள்ள மரப்பெட்டி போதும். இரண்டு பூட்டு: ஒரு சாவி பணியாளரிடம், இன்னொன்று ஊர் நலக் குழு உறுப்பினரிடம். அவர் நாலு வீடு தள்ளி இருப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்குப் பெட்டி திறக்காது.

தகரக் கூரைக்கு அடியில் மதியம் சூடு ஏறிவிடும். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. பெட்டியை அலமாரி உச்சியில் வைக்காமல், தரையை ஒட்டி ஒரு பலகை மேல், வெயில் படாத மண்சுவர் ஓரமாக வையுங்கள்.

வாங்கியது, கொடுத்தது, மிச்சம் என்று மூன்று பத்தி உள்ள இருப்பு அட்டை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். போன மாதம் எவ்வளவு செலவானதோ அதே அளவு கேட்பது பிழை. போன மாதம் பாதியில் தீர்ந்துபோயிருந்தால் அந்தக் கணக்கே குறைவாகத்தான் இருக்கும். மழைக்குப் பின் வரும் மாதங்களுக்குக் கூடுதலாகக் கேட்க வேண்டும். டிஸ்பென்சரியிலேயே இல்லாவிட்டால் கைக்காசில் கடையில் வாங்கி நிரப்ப வேண்டாம், மருந்தின் தரத்துக்கு யார் பொறுப்பு? எது எத்தனை நாள் இல்லை என்று எழுதி நலக் குழு மூலம் சப்-கவுண்டி அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

மருந்து கைக்கு வந்ததும் ஊர் அவரை 'டக்டாரி' என்று கூப்பிட ஆரம்பிக்கும். பெரியவர்கள் ரத்தக்கொதிப்புக்கும் முட்டிவலிக்கும் ஊசி கேட்பார்கள். அவர் செய்யக்கூடியது எது, கூடாதது எது என்று பராசாவில் சீஃப் வாயால் ஒருமுறை சொல்ல வைப்பது நல்லது.

8. கரும்பலகையும் உரையாடல் நாளும்

மாதக் கணக்கை ஊர் பார்க்கும் இடத்தில் எழுத எம்ஓஎச் 516 என்ற கரும்பலகை இருக்கிறது. பல டிஸ்பென்சரிகளில் அதில் இரண்டு வருடத்துக்கு முந்தைய எண்கள் அழியாமல் நிற்கும். காலாண்டுக்கு ஒரு முறை உரையாடல் நாளில் அந்தப் பலகையை வைத்துத்தான் பேச வேண்டும். எல்லா எண்ணையும் வாசித்தால் தூங்கிவிடுவார்கள். ஒன்றை மட்டும் எடுங்கள், எத்தனை வீட்டில் கழிப்பறை இல்லை என்பது மாதிரி. யார் வீடு என்று சொல்லக் கூடாது. என்ன செய்வது, யார் செய்வது, எந்த நாள் என்று முடிவானதும் கூட்டத்தை முடித்துவிடுங்கள்.

9. பள்ளியோடு இணைப்பது

குழு நிலைத்த பிறகு, அடுத்த பருவத்தில் பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது வருகைப் பதிவேடு. ஒரே பகுதியிலிருந்து நாலு பிள்ளைகள் ஒரே வாரம் வரவில்லையென்றால் அங்கே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ பரவுகிறது என்று பொருள். ஒரு ஆசிரியரும் அந்தப் பகுதிப் பணியாளரும் எண்களை மாற்றிக்கொண்டால் போதும், தனித் திட்டம் வேண்டாம்.

குடற்புழு நீக்கும் நாளில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே மாத்திரையைப் பள்ளியிலேயே மெல்ல வைக்கிறார்கள். பள்ளிக்கு வராத தம்பி தங்கைகள் விட்டுப்போகும். பணியாளர் வீட்டுப் பதிவேட்டைப் பார்த்து அவர்களை அழைத்து வர வேண்டும். மலேரியா தடுப்பூசியும் இப்படித்தான்: மேற்குக் கென்யாவில் 2019-இல் தொடங்கியபோது 6, 7, 9 மாதங்களிலும் பிறகு 24-ஆம் மாதத்திலும் போடுவது அட்டவணையாக இருந்தது. நான்காவது தவணைக்கு முன் இடைவெளி நீளம் என்பதால் மறந்துவிடுவார்கள். பதிவேட்டில் தேதியை முன்பே வட்டம் போட்டு வையுங்கள்.

கழிப்பறை எண்ணிக்கையையும் பாருங்கள். பெண்பிள்ளைகள் 25 பேருக்கு ஒன்று, பையன்கள் 30 பேருக்கு ஒன்று என்பது கென்யப் பள்ளிகளுக்கான அளவு. எண்ணி எழுதிப் பள்ளி நிர்வாகக் குழுவிடம் கொடுங்கள், பெற்றோர்களை வைத்துப் பேச வையுங்கள்.

படிப்பில் கை கொடுக்க ஆசைப்பட்டால் அதைச் சிஎச்பி தலையில் கட்ட வேண்டாம். வாசிக்கத் தெரிந்த வேறு இளைஞர்களைத் தேடுங்கள், பராசாவில் நீங்கள் ஒதுக்கிய இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு இது சரியான வேலை. வகுப்பைப் பார்க்காமல், எழுத்து, சொல், பத்தி, கதை என்று எது வரை வாசிக்க முடிகிறது என்று பார்த்துப் பிரித்து, ஒரு மணி நேரம் மாலையில் உட்கார வைக்கலாம். கென்யாவில் 2009 முதல் ஊவெசோ என்ற, மக்களே நடத்தும் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய் இப்படித்தான் வாசிப்பைச் சோதித்தது, இந்தியாவின் அசர் கணக்கெடுப்பைப் பார்த்து வந்த முறை அது.

10. விலகும்போது

வெளியேறும் தேதியை முதல் பராசாவிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதம் மேற்பார்வைக்கு நீங்கள் போகாதீர்கள், சிஎச்ஏ மட்டும் போகட்டும். எது தடைபடுகிறது என்பது அப்போதுதான் தெரியும், சரிசெய்ய நேரமும் இருக்கும்.

ஒப்படைக்க வேண்டியவை: இருப்பு அட்டைகள், சாவிகள் யாரிடம் என்ற பட்டியல், ஓட்டுநர்களின் எண்கள், அவசர நிதியின் கணக்கு, கவுண்டியோடு நடந்த கடிதங்களின் நகல். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை டிஸ்பென்சரியிலும் இன்னொன்றை ஊர் நலக் குழுத் தலைவர் வீட்டிலும் வையுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயர்ப் பலகை ஊரில் இருந்தால் போகும்போது கழற்றிக்கொண்டு போய்விடுங்கள். அது நிற்கும் வரை மருந்து தீர்ந்தால் ஊர் உங்களுக்குத்தான் போன் செய்யும், கவுண்டி அலுவலகத்துக்குச் செய்யாது.